மரத்துப்போகும் விரல்கள்

உடற்பயிற்சிக் கூடங்கள் நம் நாளிதழ்களில் செய்தியாவதற்கு இரண்டே காரணங்கள் உண்டு. அங்கே யாரேனும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்க வேண்டும். அல்லது, தசையைப் பெருக்க ஊசி போட்டுக்கொண்ட இளைஞர் ஒருவர் சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் கிடக்க வேண்டும். கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று தமது 46-ஆவது வயதில் மறைந்தபோது, பெங்களூரின் இதய மருத்துவமனைகளில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. உடற்பயிற்சிக் கூடங்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. சில வாரங்களில் அவை அடங்கிவிட்டன.

இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது யாரையும் கொல்வதில்லை. ஆகவே செய்தியாவதும் இல்லை. காலையில் பல் துலக்கும்போது சுண்டுவிரலும் மோதிர விரலும் மதமதவென்று இருக்கும். பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நின்றால் சிறிது நேரத்தில் கை மரத்துப்போகும். குனிந்து காலணியை மாட்டும்போது இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இழுக்கும். பளுப் பயிற்சியின்போது நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறிகளாக இவை இருக்கக்கூடும். திருப்பூரில் இயன்முறை சிகிச்சையாளராகப் பணிபுரியும் நான், முன்பெல்லாம் ஐம்பதைக் கடந்தவர்களிடம் கேட்ட இந்த வார்த்தைகளை இப்போது இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதுக்காரர்களிடம் கேட்கிறேன்.

இந்த ஊரின் நிலைமையைச் சற்று விளக்க வேண்டும். பனியன் நிறுவனங்களில் ஒன்றரை ஷிப்ட் என்பது காலை எட்டரை மணிக்குத் தொடங்கி இரவு எட்டரை மணிக்கு முடிவது. அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் கழுத்தைக் குனிந்து, மணிக்கட்டை மடக்கி, ஓவர்லாக் இயந்திரத்தில் துணியைத் தள்ளிக்கொண்டிருக்கும் இளைஞர், இரவு ஒன்பதுக்கு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார். அங்கே அதே மணிக்கட்டு மறுபடியும் வளைகிறது. இப்போது அதன்மீது ஐம்பது கிலோ. கழுத்திலிருந்து விரல் நுனிவரை ஓடும் நரம்பு ஓரிடத்தில் ஏற்கெனவே அழுத்தப்பட்டிருந்தால், அதே நரம்பு வேறோர் இடத்தில் எளிதில் பாதிக்கப்படும் என்ற கருத்தை 1973-இல் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இருவர் முன்வைத்தார்கள். அது இன்றுவரை விவாதத்துக்கு உரியதாகவே இருக்கிறது. ஆனால், பகலில் தையல் இயந்திரமும் இரவில் பளுவுமாக வாழும் ஒருவருடைய கையைப் பரிசோதிக்கும்போது, கூடத்தை மட்டும் குற்றம் சொல்வதும் வேலையை மட்டும் குற்றம் சொல்வதும் சரியாகப்படுவதில்லை.

பளுப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 2022-இல் போதிய உடலுழைப்பின்றி இருந்தார்கள் என்று 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் 2024-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. எலும்புத் தேய்மானத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் முதுமையில் தடுமாறி விழுவதற்கும் இதைவிட மலிவான மருந்து கிடையாது. மோதல் நிறைந்த கால்பந்து போன்ற விளையாட்டுகளோடு ஒப்பிட்டால், முறையாகச் செய்யப்படும் பளுப் பயிற்சியில் காயங்கள் குறைவு என்பதும் ஆய்வுகள் ஒப்புக்கொண்ட செய்தியே. சிக்கல் 'முறையாக' என்ற அந்தச் சொல்லில் இருக்கிறது. முறையைக் கற்றுத்தர வேண்டியவர் யார், அவருக்கு என்ன தகுதி இருக்க வேண்டும் என்பதை நாம் எங்கும் வரையறுத்துக் கட்டாயமாக்கவில்லை.

முதலில் ஒரு மொழிச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் 'நரம்பு' என்ற ஒரே சொல் மூன்று நான்கு பொருள்களைச் சுமக்கிறது. பயிற்சி முடித்தபின் முன்கையில் நரம்பு புடைத்துத் தெரிகிறது என்று இளைஞர்கள் பெருமையோடு படம் எடுத்துக்கொள்கிறார்களே, அது ரத்தம் ஓடும் சிரை. 'நரம்பு பிசகிவிட்டது' என்று பாட்டி சொல்வது பெரும்பாலும் தசைப் பிடிப்பு. 'நரம்பு சுருட்டல்' என்பதும் ரத்தக் குழாய் நோய்தான். போதாக்குறைக்கு, விடுதி அறைகளில் முகாமிடும் வைத்தியர்களின் சுவரொட்டிகள் 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லுக்கு ஏற்றிவைத்த பொருள் வேறு. தனக்கு நரம்பில் கோளாறு என்று வீட்டில் சொல்லவே கூச்சப்படும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். உணர்வையும் அசைவையும் மூளையோடு இணைக்கும் உண்மையான நரம்பு, இந்தக் குழப்பத்தில் கண்டுகொள்ளப்படாமல் போகிறது. விளைவாக, விரல் மரத்துப்போனவர் சுளுக்கு எடுப்பவரிடம் போகிறார். அவர் எண்ணெய் தடவிக் கழுத்தைத் திருப்பி 'டக்' என்று ஓசை எழுப்புகிறார். கழுத்துத் தண்டுவடத் தட்டு ஏற்கெனவே பிதுங்கியிருந்தால், அந்த ஓசைக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பது அவருக்கும் தெரியாது, போனவருக்கும் தெரியாது.

உண்மையில், மரத்துப்போதல் என்பது உடல் வரைந்து காட்டும் வரைபடம். சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால், முழங்கையின் உட்பக்கமாகச் செல்லும் அல்நார் நரம்பைச் சந்தேகிக்கலாம். முழங்கையை மேசையில் இடித்துக்கொண்டால் கை முழுவதும் ஜிவ்வென்று அதிருமே, அந்த நரம்பு. முழங்கையை நெடுநேரம் மடக்கிப் பளுவைப் பிடிக்கும் பயிற்சிகளிலும், தண்டின் விளிம்பு உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தும்போதும் அது பாதிக்கப்படுகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்து, குறிப்பாக இரவில் தூக்கத்தைக் கலைத்தால், மணிக்கட்டுக் குகைக்குள் செல்லும் மீடியன் நரம்பைப் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ வலி கைக்கு இறங்கினால் வேர் கழுத்தில் இருக்கிறது. இடுப்பில் தடித்த வாரை இறுக்கிக் கட்டிப் பயிற்சி செய்பவருக்குத் தொடையின் வெளிப்புறம் மட்டும் எரிச்சலும் மரப்புமாக இருந்தால், வாரைத் தளர்த்துவதே பல நேரங்களில் பாதி வைத்தியம். இந்த வரைபடத்தைப் படிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஓரிரு நாள் பயிற்சி போதும். ஆனால், அந்த ஓரிரு நாள் பயிற்சியைப் பெற்ற பயிற்சியாளரை நம் தெருக்களில் காண்பது அரிதாக இருக்கிறது.

கால் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் தீவிரமானது. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டை நுங்கோடு ஒப்பிட்டுத்தான் நான் நோயாளிகளுக்கு விளக்குவது வழக்கம். நடுவில் நுங்குச் சுளைபோல் மென்மையான பகுதி. சுற்றிலும் கெட்டியான நார் வளையம். தரையிலிருந்து பளுவைத் தூக்கும்போது முதுகு வில்லாக வளைந்தால், சுளை பின்பக்கமாகத் தள்ளப்படுகிறது. வளையம் பலவீனமாக இருந்தால் அது பிதுங்கி, பக்கத்தில் செல்லும் நரம்பு வேரைத் தொடுகிறது. பெரும்பாலும் இது நிகழ்வது இடுப்பின் கடைசி இரண்டு தட்டுகளில். கால் பெருவிரலை மேலே தூக்க முடியவில்லை, குதிகாலால் நடக்க முடியவில்லை என்றால் ஒரு வேர். நுனிக்காலில் எம்பி நிற்க முடியவில்லை என்றால் இன்னொரு வேர். வலி மட்டும் இருப்பது வேறு, வலுவும் குறைவது வேறு. இரண்டாவது நிலையில் எந்தப் பயிற்சியாளரும் எந்த இயன்முறை சிகிச்சையாளரும் தாமே முடிவெடுக்கக் கூடாது. மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும்.

இரண்டு கால்களும் ஒருசேர மரத்து, சைக்கிள் இருக்கையில் படும் பகுதியில் உணர்வு குன்றி, சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், அது அவசர நிலை. தண்டுவடத்தின் அடியில் குதிரைவால்போல் தொங்கும் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். ஓரிரு நாள்களுக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை வாழ்நாள் முழுவதும் இழக்க நேரிடலாம். இது அரிது. அரிது என்பதாலேயே யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த இடத்தில் உணர்வில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று படுத்துவிடுபவருக்காகவாவது, கூடங்களின் சுவரில் தசைப் படங்களுக்கு நடுவே இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

சுவர்களில் இப்போது எழுதப்பட்டிருப்பது வேறு. வலியின்றிப் பயனில்லை என்று பொருள்படும் ஆங்கில வாசகம் இல்லாத கூடத்தை நான் பார்த்ததில்லை. தசை வலிக்கு அது ஓரளவு பொருந்தும். பயிற்சிக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ தசையில் தோன்றும் மந்தமான வலி தானே வந்து தானே போகும். நரம்பு வலியின் குணமே வேறு. அது எரியும், குத்தும், ஓடும், மரக்கும். பளு ஏற்றப்பட்ட இடத்தை விட்டுத் தொலைவில் வெளிப்படும். இடுப்பில் உள்ள கோளாறு பாதத்தில் பேசும். இரண்டையும் ஒரே வாசகத்தால் அளப்பதுதான் ஆபத்து. 'எட்டு முறை ஒலிம்பியா பட்டம்' என்ற பெருமைக்காக ரானி கோல்மனின் படத்தை நம் கூடங்களில் மாட்டியிருக்கிறார்கள். முதுகிலும் இடுப்பிலும் தொடர் அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு அவர் ஊன்றுகோல்களோடு நடக்கிறார் என்பதை அந்தப் படத்தின் கீழே யாரும் எழுதுவதில்லை. மீராபாய் சானு 2018-இல் கீழ்முதுகு வலியால் ஆசிய விளையாட்டுப் போட்டியிலிருந்தே விலகினார். பிறகு டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். நாட்டின் மிகச் சிறந்த பளுதூக்கும் வீராங்கனை ஓய்வெடுத்துக்கொள்ளலாம்; நம் தெரு முனைக் கூடத்தில் '90 நாள் மாற்றம்' என்ற சவாலுக்குப் பணம் கட்டியவர் மட்டும் ஒரு நாளும் நிற்கக் கூடாது.

இந்தத் '90 நாள்' கணக்கு எங்கிருந்து வந்தது? 2008-இல் வெளியான 'வாரணம் ஆயிரம்' படத்துக்குப் பிறகு வயிற்றுத் தசை மடிப்புகள் இளைஞர் கனவாயின. இன்று கைப்பேசித் திரையில் ஒரு நிமிடக் காணொலிக்குள் ஒல்லியான பையன் மல்லனாகிவிடுகிறான். தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாணும் தட்டும் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். இந்த இடைவெளிக்குள்தான் காயம் நுழைகிறது. தென் மாவட்டச் சிற்றூர்களில் பொங்கலின்போது இன்றும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். கல்லின் எடை வாரந்தோறும் கூடுவதில்லை. அது அங்கேயே கிடக்கிறது. ஆள்தான் அதற்கேற்ப வளர வேண்டும். கூடத்திலோ இரும்புத் தட்டுகள் பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றை எடுத்து மாட்ட ஒரு நொடி போதும்.

பயிற்சியாளர்களை வில்லன்களாக்குவதும் நியாயமல்ல. அவர்களில் பலர் மிகக் குறைந்த மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். கூடுதல் வருமானம் இரண்டு வழிகளில் வருகிறது: தனிப்பயிற்சிக்கு ஆள் பிடித்தால் ஒரு பங்கு, புரதத் தூள் டப்பா விற்றால் ஒரு பங்கு. 'உங்களுக்கு விரல் மரக்கிறது, மூன்று வாரம் இந்தப் பயிற்சி வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்' என்று சொல்வதற்கு அவருக்குப் பங்கு எதுவும் கிடையாது. அப்படிச் சொன்னால் வாடிக்கையாளர் எதிர்த் தெருவில் உள்ள கூடத்துக்குப் போய்விடுவார். நேர்மையாகச் சொல்பவரைத் தண்டிக்கும் இப்படியொரு ஏற்பாட்டுக்குள் தனிமனித நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது.

தூள் என்றதும் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு முன் குடிக்கும் சில கலவைகளில் பீட்டா-அலனைன் என்ற பொருள் இருக்கிறது. அதைக் குடித்த சிறிது நேரத்தில் முகமும் கைகளும் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும். ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அது தீங்கற்றது. ஆனால், இந்தக் குறுகுறுப்பைப் பழகிக்கொண்டவர் உண்மையான நரம்பு அறிகுறி வரும்போதும் 'தூள் வேலை செய்கிறது' என்று நினைத்துக்கொள்கிறார். மறுபக்கம், நரம்புக்கு நல்லது என்று பி6 வைட்டமினை அளவுக்கு மீறி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பி6 மிகுதியானால் அதுவே கை கால்களை மரக்கச் செய்யும் என்பது 1980-களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவான செய்தி.

சர்க்கரை நோயை விட்டுவிட்டு இதைப் பேசவே முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்வதாகவும் தமிழ்நாட்டில் அதன் அளவு 14.4 விழுக்காடு என்றும் தெரியவந்தது. நீரிழிவாளரின் நரம்பு அழுத்தத்தை எளிதில் தாங்காது. 'பளுப் பயிற்சி செய்யுங்கள்' என்று மருத்துவரே எழுதிக்கொடுத்து, நாற்பத்தைந்து வயதில் முதன்முறையாகக் கூடத்துக்கு வருகிறவருக்கு, இரு பாதங்களிலும் ஏற்கெனவே உணர்வு குறைந்திருக்கலாம். இரண்டு பாதங்களும் காலுறை அணிந்ததுபோல் சமமாக மரத்திருந்தால் அது பெரும்பாலும் தட்டுப் பிதுக்கம் அல்ல. சர்க்கரையாகவோ பி12 குறைபாடாகவோ இருக்கலாம். சேர்க்கைப் படிவத்தில் இதைக் கேட்கும் கூடம் எத்தனை? பெயர், கைப்பேசி எண், எடை, உயரம், எத்தனை மாதத் திட்டம் என்பவையே அந்தப் படிவத்தில் இருக்கின்றன. கடைசி வரியில், 'காயம் ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்பதும் தவறாமல் இருக்கிறது.

மருத்துவ முறையிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. இடுப்பு வலி என்று வந்த இளைஞர் முதல் நாளிலேயே எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு வருகிறார். அறிக்கையில் 'தட்டுப் பிதுக்கம்' என்ற சொல்லைப் பார்த்ததும் வாழ்க்கையே முடிந்துவிட்டதாக எண்ணுகிறார். 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஒரு தட்டிலாவது வீக்கம் இருந்தது. ஆகவே படத்தில் தெரிவதெல்லாம் நோயல்ல. படமும் அறிகுறியும் ஒரே நரம்பைச் சுட்டினால்தான் அதற்குப் பொருள். காலுக்கு இறங்கும் நரம்பு வலி, வலுக்குறைவு இல்லாதவரையில், பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் குறைந்துவிடுகிறது. படுத்த படுக்கையாக இருக்கச் சொல்வது பழைய வைத்தியம். வலியைத் தூண்டும் அசைவை மட்டும் தவிர்த்து, நடந்து, பிற பயிற்சிகளைத் தொடர்ந்து, எடையைப் படிப்படியாக ஏற்றுவதே இன்றைய வழி. பளுவை அரைவாசியாகக் குறைத்து, பிடியை மாற்றி, முழங்கையைத் தூங்கும்போது மடக்காமல் பார்த்துக்கொண்டதிலேயே சில வாரங்களில் விரல்களில் உணர்வு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நரம்பின் உறை மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் அது வாரங்களில் தேறும். உள்ளிழையே அறுந்துவிட்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் வளரும். முழங்கையிலிருந்து விரல்வரை எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கிட்டால், ஆரம்பத்திலேயே நிறுத்துவதன் அருமை விளங்கும்.

மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நரம்பு வலி என்றதும் பிரகாபலின் எழுதித் தருவது வழக்கமாகிவிட்டது. காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு அது வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக உதவவில்லை என்று 209 பேரிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. தலைசுற்றல் போன்ற பக்கவிளைவுகளோ கூடுதலாக இருந்தன. இதைவிடக் கவலை தருவது, வலி நிவாரண மாத்திரைகள் போதைக்காகக் கடத்தப்பட்டுப் பிடிபடும் செய்திகள் தமிழ்நாட்டில் வாடிக்கையாகிவிட்டன என்பது. வலியை மறைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடர மாத்திரை தேடும் இளைஞரும் அந்தச் சந்தையின் வாசலில்தான் நிற்கிறார். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து, பயிற்சிக் கூட நண்பரின் பையிலிருந்து கிடைக்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 34-ஆவது பிரிவில், காயம் விளைவிக்கக்கூடிய அளவு கனமான சுமையைத் தூக்கவோ சுமக்கவோ எந்தத் தொழிலாளியையும் ஈடுபடுத்தக் கூடாது என்று கூறியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் தன் பரிந்துரை ஒன்றில் ஆண் தொழிலாளிக்கு 55 கிலோ என்ற எல்லையைச் சுட்டியது. கூலிக்குச் சுமப்பவரைப் பற்றிச் சட்டம் இவ்வளவு காலமாகக் கவலைப்பட்டிருக்கிறது. அது கோயம்பேட்டிலும் துறைமுகத்திலும் எவ்வளவு நடைமுறைக்கு வந்தது என்பது வேறு கதை. ஆனால், பணம் கொடுத்துச் சுமப்பவரைப் பற்றி நம் சட்டங்கள் யோசித்ததில்லை.

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்சார் பணிகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் என்னைப் போன்ற இயன்முறை சிகிச்சையாளர்களை உள்ளடக்கியது. உடற்பயிற்சிப் பயிற்சியாளர்கள் அதில் இல்லை. 2025 செப்டம்பரில், நாங்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போடலாமா கூடாதா என்பது தேசிய விவாதமானது. கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் ஒரு கடிதம் எழுதியது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நான்கரை ஆண்டுகள் உடற்கூறியல் படித்தவரின் பெயருக்கு முன்னால் என்ன எழுத்து வரலாம் என்பதில் காட்டிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கை, உடற்கூறியலே படிக்காமல் அன்றாடம் நூறு முதுகெலும்புகளின்மீது எடை ஏற்றுபவரின் தகுதியில் காட்டியிருக்கலாம். தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்கீழ் உடற்தகுதிப் பயிற்சியாளருக்கென்று ஒரு தரம் வகுக்கப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால், அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் வேலை செய்யலாம் என்ற கட்டாயம் இல்லை.

பாதிக்கப்பட்டவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று கேட்கலாம். போகலாம்தான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டை மட்டுமல்ல, நியாயமற்ற ஒப்பந்தங்களையும் கேள்வி கேட்க இடம் தருகிறது. படிவத்தின் கடைசி வரியில் உள்ள 'பொறுப்பல்ல' என்ற வாசகம் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிடாது. ஆனால் வழக்கை எதைக் கொண்டு நிரூபிப்பது? என்ன பயிற்சி, எத்தனை கிலோ, யார் சொல்லித் தூக்கியது, எப்போது மரத்தது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருப்பதில்லை. காயங்கள் எங்கும் பதிவாகாததால் அரசிடமும் எண்ணிக்கை கிடையாது. எண்ணிக்கை இல்லாத துன்பத்துக்குக் கொள்கை வகுக்க யாரும் முன்வருவதில்லை.

அதற்காக உரிமம், ஆய்வாளர், அபராதம் என்று பெரிய கட்டமைப்பு ஒன்றை எழுப்பச் சொல்லவில்லை. அது எங்கே போய் முடியும் என்பது நமக்குத் தெரியும். கடன் வாங்கிச் சிறிய கூடம் நடத்தும் இளைஞர் மாதாமாதம் மாமூல் கொடுத்துக்கொண்டிருப்பார். குளிரூட்டிய பெரிய கூடம் எதையும் மாற்றிக்கொள்ளாது. உள்ளாட்சி அமைப்பு தரும் வணிக உரிமத்திலேயே மூன்று நிபந்தனைகளைச் சேர்த்தால் தொடக்கத்துக்குப் போதும் என்பது என் கருத்து. கூடம் திறந்திருக்கும் நேரமெல்லாம் தகுதிச் சான்று பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் சர்க்கரை நோய், பழைய காயம், மரப்பு ஆகியவற்றைக் கேட்டாக வேண்டும். ஏற்படும் காயங்களைத் தேதியிட்டு எழுதும் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். இவற்றில் முதலாவதற்குத்தான் செலவும் அவகாசமும் தேவை. இப்போது பணியில் இருப்பவர்கள் படித்துச் சான்று பெற இரண்டு ஆண்டுகள் தரலாம். கட்டணத்தை அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களின்கீழ் ஏற்கலாம்.

தனியாரிடம் தொடங்குவதற்கு முன் அரசு தன் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அரங்குகளில் பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. 2016-க்குப் பிறகு ஊராட்சிகளில் பூங்காக்களோடு சேர்த்துக் கட்டப்பட்ட உடற்பயிற்சிக் கூடங்களும் இருக்கின்றன. இவற்றில் நான் பார்த்த சிலவற்றில் கருவிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. சிலவற்றில் சாவி வைத்திருப்பவரே பயிற்சியாளர். இன்னொரு பக்கம், 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறை சிகிச்சையாளர்கள் வட்டாரந்தோறும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு அவர்கள் செய்யும் பணிக்கே நேரம் போதவில்லை என்பதை அறிவேன். ஆனாலும், மாதத்தில் ஒரு மாலை ஊராட்சிக் கூடத்துக்கு வந்து, விரல் மரத்தவரையும் கால் இழுப்பவரையும் பார்த்து, யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று பிரித்துச் சொல்லும் பணியை அவர்களுக்குத் தரலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம்; சுகாதாரத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். கூடத்தில் ஒரு நாற்காலியும், காயப் பதிவேட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டும் அதற்குத் தேவைப்படும்.